கேட்டுக் கட்டும் கலை

நுழையும்முன்

வீட்டைக் கட்டுவோர், அதில் வாழப்போவோரை அறிந்திருத்தல் வேண்டும். எளிய உண்மை இது. எனினும் பேரிடர்க் காலங்களில் முதலில் மறக்கப்படுவதும் இதுவே. கட்டடக்கலையும் வடிவமைப்பும் பயிலும் மாணவர்கள் வகுப்பறையிலிருந்து ஊருக்குள் சென்று, ஊர்மக்களுக்குத் தேவையான ஒன்றை அவர்களோடு சேர்ந்து உருவாக்கிக் கற்பதைச் சேவைவழிக் கற்றல் என்பர். அக்கல்வி ஏன் வேண்டும், எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை நிக்கோபார்த் தீவுகளின் வீடுகளைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

தீவு தந்த வீடு

அந்தமான் நிக்கோபார்த் தீவுக்கூட்டம் வங்காள விரிகுடாவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம் அது. சென்னை பெறும் மழையைப்போல ஏறத்தாழ இருமடங்கு. நிலநடுக்க ஆபத்து மிகுந்த பகுதியும் ஆகும். வெப்பமும் காற்றின் ஈரமும் அங்கு ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை.

இத்தகைய நிலத்தில் நிக்கோபார் மக்கள் தமக்கென ஒரு வீட்டை வடிவமைத்துக்கொண்டனர். கார் நிக்கோபார்த் தீவின் வட்டவீடு, தொலைவிலிருந்து காண்போருக்குப் பெரியதொரு தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தாற்போலத் தோன்றும். தடித்த மரத்தூண்கள் அதனை ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் தாங்கி நிற்கும். அரைக்கோள வடிவக் கூரை, புல்லால் அடர்த்தியாக வேயப்பட்டுத் தளம் வரை இறங்கும். ஏணி வழியே ஏறி, தளத்தில் உள்ள திறப்பின் வழியே உள்ளே நுழைவர். தூண்களின் தலைப்பில் பொருத்திய வட்டமான மரத்தட்டுகள், எலிகள் மேலேறாமல் தடுக்கும்.

இவ்வீட்டின் ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு காரணம் உண்டு. வளைந்த கூரையில் மழைநீர் தேங்காது. இடைவெளி விட்டு அமைத்த தளத்தின் வழியே கீழிருந்து காற்று மேலேறுவதால், சன்னல் இல்லாத அறையும் குளிர்ச்சியாக இருக்கும். நார்களாலும் பிரம்பாலும் பிணைக்கப்பட்ட மரச்சட்டகம், நிலம் அதிரும்போது முறியாமல் வளைந்து கொடுக்கும். வீட்டிற்கு அடியில் உள்ள நிழலான வெளியில் பகற்பொழுதில் முதியோர் அமர்ந்திருப்பர், குழந்தைகள் விளையாடுவர், வேலைகள் நடைபெறும். தமிழகத்து வீடுகளில் திண்ணைக்கு இருந்த இடம், நிக்கோபார் வீட்டில் அந்த அடிநிழலுக்கு இருந்தது எனலாம்.

அவர்களுடைய குடும்ப அமைப்பையும் இங்கு அறிதல் வேண்டும். கார் நிக்கோபாரில் பல தலைமுறையினர் ஒன்றாக வாழும் பெருங்குடும்பம் ‘துஹெட்’ எனப்படும். நிலமும் தென்னந்தோப்பும் அப்பெருங்குடும்பத்திற்கே பொதுவாக உரியவை. ஆகவே அங்கு வீடு என்பது ஒரு தாய்தந்தையரும் அவர்தம் பிள்ளைகளும் மட்டும் வாழும் இடம் அன்று. உழைப்பையும் உணவையும் உறவையும் பலர் பகிர்ந்துகொள்ளும் இடம்.

அலைக்குப் பின்

2004 டிசம்பர் 26 அன்று காலை, சுமத்திராவின் மேற்குக் கடற்பகுதியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளின் கடற்கரை ஊர்களை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீவுகளின் நிலமே தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் கீழிறங்கியதால், அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடல்நீருக்குள் சென்றது.

வட்டவீடுகளும் அலையில் தப்பவில்லை. பழைய முறையில் கட்டப்பட்டது என்பதாலேயே ஒரு வீடு எல்லாப் பேரிடரையும் வென்றுவிடும் என்று கருதுதல் பொருந்தாது. உயிர் தப்பியவர்கள் கடற்கரையை விட்டுத் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். மழைக்காலம் தொடங்குமுன் அவர்களுக்குக் கூரை வேண்டியிருந்தது. இறங்குதுறைகள் சிதைந்திருந்தன, கட்டுமானப் பொருள்கள் பெருநிலப்பகுதியிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தன. அந்நெருக்கடியில் அரசும் தொண்டு நிறுவனங்களும் தகரத்தாலான இடைக்காலக் குடியிருப்புகளை வரிசை வரிசையாக அமைத்தன.

அக்குடியிருப்புகள் மழையைத் தடுத்தன என்பது உண்மை. ஆனால் பகல் வெயிலில் தகரம் கொதித்தது. மழை பெய்தால் அதன் ஓசையில் பேச்சு கேட்கவில்லை. சிறு சிறு அறைகளாகப் பகுக்கப்பட்டிருந்தமையால் பெருங்குடும்பங்கள் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரிந்தன. அடிநிழல் என்னும் பொதுவெளிக்கு இடமே இல்லாமற் போயிற்று. சில மாதங்களுக்கென எண்ணப்பட்ட அவ்விடங்களில் மக்கள் சில ஆண்டுகள் வாழ நேர்ந்தது.

பின்னர் 9,000-க்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகள் தீவுகளில் கட்டப்பட்டன. நிக்கோபாரில் அவற்றுள் பல, தூண்களின்மேல் உயர்த்தியே அமைக்கப்பட்டன. மக்களின் வழக்கத்திற்கு ஓரளவு இடம் கிடைத்தது என்பதற்கு அஃது அடையாளம். ஆனாலும் அவையும் சிறு குடும்பத்திற்குரிய அளவிலேயே இருந்தன. இரும்பும் சிமெண்டுப் பலகையும் பழுதுபட்டால், அவற்றைச் சரிசெய்யும் பொருளும் கருவியும் தீவில் எளிதாகக் கிடைப்பதில்லை. புல்லும் மரமும் பிரம்புமாக இருந்த வீட்டை ஊரே கூடிச் செப்பனிட்டது. புதிய வீட்டைச் செப்பனிட வெளியூரை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

உதவ வந்தோரின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. தங்களுக்குக் கருவிகளைத் தந்தால் வீடுகளைத் தாங்களே கட்டிக்கொள்வோம் என்று நிக்கோபார் மக்கள் கேட்டதுண்டு. அக்குரல் வரைபடத்திற்குள் முழுமையாக நுழையவில்லை என்பதே இங்கு எண்ணத்தக்கது.

இதனோடு மற்றொரு பேரிடரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அங்குக் கிராமப்புறங்களில் பெரும்பாலான வீடுகளை உரியவர்களே மீண்டும் கட்டினர். அரசு பணத்தைத் தவணைகளாக வழங்கியது. பொறியாளர்கள் பாதுகாப்பு விதிகளை எடுத்துரைத்தனர். கொத்தனார்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. வீட்டின் அமைப்பையோ குடும்பமே முடிவு செய்தது. கச்சுப் பகுதியில் ‘பூங்கா’ என வழங்கும் வட்டவடிவ மண்வீடுகள் பல, நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றதையும் வல்லுநர்கள் கண்டு கற்றனர். படித்தவர் பாடம் கேட்கவும், பாமரர் பாடம் சொல்லவும் அங்கு வாய்ப்பு அமைந்தது.

கேள்வியும் ஒரு கல்வி

திருவள்ளுவர் ‘கல்வி’ என்னும் அதிகாரத்தோடு நிறைவடையாமல், ‘கேள்வி’ என்னும் தனி அதிகாரத்தையும் வகுத்தார். தமிழில் கேள்வி என்னும் சொல் வினாவுதலையும் குறிக்கும். செவிகொடுத்துக் கேட்டலையும் குறிக்கும். வீடு கட்டக் கற்கும் மாணவனுக்கு இவ்விரண்டும் வேண்டும்.

கையால் செய்து கற்பது இந்தியாவிற்குப் புதிதன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியைக் காந்தியடிகள் முன்வைத்தார். கல்லூரி மாணவர்கள் சமூகப் பணியில் ஈடுபடுவதற்காக 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. சேவைவழிக் கற்றல் இவ்விரண்டின் பயனையும் ஒன்றிணைக்கிறது. மாணவர் செய்யும் பணி ஊருக்குப் பயன்பட வேண்டும். அப்பணியே அவருடைய பாடமாகவும் அமைய வேண்டும்.

இங்கிலாந்தில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) இதற்கு நல்லதொரு சான்று. 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்த அவர், பின்னர் இமயமலைப் பகுதியான பித்தோராகட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். தாம் கல்லூரியில் கற்றவை அங்குப் போதாமையை உணர்ந்து, கல், மண், மரம் ஆகியவற்றைக் கையாளும் முறையைக் கிராமத்தாரிடமே பயின்றார். பிற்காலத்தில் கேரளத்தில் அவர் கட்டிய செலவு குறைந்த வீடுகளுக்கு அப்பயிற்சியே அடித்தளமாயிற்று.

மாணவர் கட்டிய வீடுகள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் என்னும் மாவட்டம் வறுமை மிகுந்தது. ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் 1993-இல் அங்கு ‘ரூரல் ஸ்டுடியோ’ என்னும் கிராமியப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினர். கட்டடக்கலை மாணவர்கள் அம்மாவட்டத்திலேயே தங்கி, அங்குள்ளோருக்கு வீடுகளையும் பொதுக்கட்டடங்களையும் தாமே வடிவமைத்துத் தம் கைகளாலேயே கட்டினர்.

1994-இல் நிறைவுற்ற அவர்களது முதல் வீடு, பேரப்பிள்ளைகளை வளர்த்துவந்த முதிய இணையர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. சுவர்களை வைக்கோல் கட்டுகளால் அடுக்கி, மேலே பூச்சுப் பூசினர். வைக்கோல் விலை குறைந்தது. வெப்பத்தையும் குளிரையும் தடுப்பது. வீட்டின் முன்னே அகன்ற தாழ்வாரம் அமைந்தது. பின்புறத்தில் குழந்தைகளுக்கென மூன்று சிற்றறைகள் அமைந்தன. அவ்வீட்டில் வாழப்போவோரின் நாள்முறையை அறிந்தபின்னரே இவ்வமைப்பு உருவாயிற்று.

2005-இல் தொடங்கிய மற்றொரு திட்டத்தில், 20,000 டாலர் செலவிற்குள் ஒரு நல்ல வீட்டைக் கட்ட இயலுமா என்னும் வினாவை மாணவர்கள் கையிலெடுத்தனர். ஓர் ஆண்டு மாணவர்கள் கட்டிய வீட்டிலிருந்து அடுத்த ஆண்டு மாணவர்கள் பாடம் கற்றனர்.

வங்கதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்தில் உள்ள ருத்ரபூரில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. ஆன்னா ஹெரிங்கர் என்னும் பெண், 1990-களின் பிற்பகுதியில் அவ்வூரில் தன்னார்வலராகத் தங்கியிருந்தவர். ஆஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற அவர், தம் பட்டப்படிப்பின் இறுதித் திட்டமாக அவ்வூருக்கு ஒரு பள்ளியை வடிவமைத்தார். 2005-இல் கட்டட வல்லுநர் ஐக்கே ரோஸ்வாக்குடன் இணைந்து அப்பள்ளி கட்டப்பட்டது. செங்கல் அடித்தளத்தின்மேல், மாடுகளைக் கொண்டு வைக்கோலோடு மிதித்துக் குழைத்த மண்ணால் கீழ்த்தளச் சுவர்களும், மூங்கிலால் மேல்தளமும் எழுந்தன. உள்ளூர்த் தொழிலாளர்களே அவற்றைக் கட்டினர். 2007-இல் அக்கட்டடம் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருதைப் பெற்றது. அதே தொழிலாளர்கள் பின்னர் அவ்வூரில் மேலும் கட்டடங்களைக் கட்டியது, விருதினும் பெரிய பயன் ஆகும். கட்டடத்தோடு கட்டும் திறனும் ஊரில் தங்கிவிட்டது.

ஐந்து படிகள்

மேற்கண்ட சான்றுகளிலிருந்து சேவைவழிக் கற்றலுக்குரிய படிகளை வகுக்கலாம்.

முதற்படி, இசைவு பெறுதல். அழைப்பின்றி ஒருவர் வீட்டிற்குள் நுழைதல் முறையன்று. ஊருக்கும் அவ்விதி பொருந்தும். நிக்கோபார்ப் பழங்குடி மக்களின் நிலப்பகுதிகள் 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. உரிய அனுமதியின்றி வெளியார் அங்குச் செல்லலாகாது. அச்சட்டம் இல்லாத ஊரிலும் அந்த மரியாதை வேண்டும்.

இரண்டாம் படி, கேட்டல். எத்தனை அறை வேண்டும் என்று வினவுவதற்குமுன், காலையில் யார் எங்கே சமைக்கின்றனர், முதியோர் எங்கே அமர்கின்றனர், மழை எத்திசையிலிருந்து அடிக்கிறது என்பனவற்றை அறிய வேண்டும். பெண்களிடமும் குழந்தைகளிடமும் தனியே கேட்க வேண்டும். அவையில் பேசாதோரின் தேவை பெரும்பாலும் வரைபடத்தில் விடுபட்டுவிடும்.

மூன்றாம் படி, அளத்தல். இருக்கும் வீட்டை அளந்து வரைதலும், எப்பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது எனக் கணக்கிடுதலும், தச்சரும் கொத்தனாரும் அறிந்தவற்றைக் குறித்துக்கொள்ளுதலும் இதில் அடங்கும்.

நான்காம் படி, சேர்ந்து கட்டுதல். முதலில் ஒரு சிறுபகுதியை மாதிரியாகக் கட்டி மக்களிடம் காட்ட வேண்டும். தாளில் வரைந்த கோட்டைவிடக் கண்முன் நிற்கும் தூணைப் பற்றிக் கருத்துரைப்பது எல்லோருக்கும் எளிது. கலவை சுமக்கும்போதும் மூங்கிலைப் பிளக்கும்போதும் மாணவர் பெறும் அறிவு, அவர் அடுத்து வரையும் கோட்டை மாற்றிவிடும்.

ஐந்தாம் படி, திரும்பிச் செல்லுதல். ஒரு மழைக்காலம் கழிந்தபின் மாணவர் அங்கு மீண்டும் செல்ல வேண்டும். எங்கே ஒழுகுகிறது, எந்த இடத்தை மக்கள் விரும்பிப் பயன்படுத்துகின்றனர், எதை அவர்களே மாற்றிக்கொண்டனர் என்பவற்றைக் கண்டு எழுதிவைத்தால்தான் கற்றல் நிறைவுறும்.

இப்படிகளுள் ஒன்று தவறினாலும் சேவை தீங்காக மாறக்கூடும். மாணவருக்கு அது ஒரு பருவத்தின் பாடம். மதிப்பெண் கிடைத்ததும் அவர் ஊர் திரும்பிவிடலாம். அங்கு வாழ்வோருக்கோ அது வாழ்நாள் வீடு. எளியோரின் இல்லம் கற்போரின் சோதனைக்கூடம் ஆகிவிடலாகாது. ஆகவே ஆசிரியரின் மேற்பார்வை, பொறியாளரின் பாதுகாப்புச் சோதனை, பணி பாதியில் நின்றால் அதனை முடிக்கப் பொறுப்பேற்போர் யார் என்னும் தெளிவு ஆகியவை தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும்.

பள்ளியிலிருந்து ஒரு தொடக்கம்

வீடு கட்டும் வயது வருவதற்குமுன்பே கேட்கவும் அளக்கவும் பழகலாம். தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பத்து நாள்களைப் புத்தகப்பையின்றித் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்ற தொழில் வல்லாரிடம் கற்பதற்கு ஒதுக்குமாறு கூறுகிறது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் தமிழர், வங்காளியர், நிக்கோபாரியர், கரேன் இனத்தவர் எனப் பலர் வாழ்கின்றனர். ஒவ்வொரு வீட்டிலும் மழையையும் வெயிலையும் வெல்லும் ஓர் உத்தி இருக்கும். அதனை அறிந்த ஒரு முதியவரும் இருப்பார். அவரிடம் சென்று அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் வீட்டுத் தாழ்வாரத்தை அளந்து வரையும் மாணவர் கட்டடக்கலையின் முதற்பாடத்தைக் கற்றவர் ஆவார். இன்னொரு பெருமழையோ நிலநடுக்கமோ வரும்போது, எத்தகைய வீடு வேண்டும் என்று மக்களிடம் முதலில் கேட்பவராகவும் அவர் இருப்பார்.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
வேய்தல் – கூரை அமைத்தல்
சட்டகம் – வீட்டின் எலும்புக்கூடு போன்ற அமைப்பு
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
உத்தி – வழிமுறை
வல்லார் – திறமை உடையவர்

பயிற்சி

அ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக.

1. நிக்கோபார் வட்டவீட்டின் தளம் தரையோடு ஒட்டி அமைந்திருக்கும்.
2. ‘துஹெட்’ என்பது பல தலைமுறையினர் வாழும் பெருங்குடும்பம்.
3. ருத்ரபூர்ப் பள்ளியின் மேல்தளம் மூங்கிலால் ஆனது.

ஆ. பிரித்து எழுதுக.

மரத்தூண், கடற்கரை, நிலநடுக்கம், சிற்றறை

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. தூண்களின் தலைப்பில் மரத்தட்டுகளைப் பொருத்துவது ஏன்?
2. கேள்வி என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?
3. தகரக் குடியிருப்புகளில் பெருங்குடும்பங்கள் பிரிய நேர்ந்தது ஏன்?

ஈ. ஒரு பக்க அளவில் விடை தருக.

1. கச்சுப் பகுதியிலும் நிக்கோபாரிலும் நிகழ்ந்த மறுகட்டுமானங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. ‘எளியோரின் இல்லம் கற்போரின் சோதனைக்கூடம் ஆகிவிடலாகாது.’ இக்கருத்தைச் சான்றுகளுடன் விளக்குக.

உ. செயல்பாடு

உங்கள் தெருவில் உள்ள பழைய வீடு ஒன்றினை, உரியவரின் இசைவு பெற்று, அளந்து வரைக. அவ்வீட்டு முதியவரிடம் ஐந்து வினாக்கள் கேட்டு, அவர் கூறியவற்றை அவர் சொற்களிலேயே எழுதுக. எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டித் திருத்தம் பெற்றபின் வகுப்பில் வழங்குக.